அவசரம் லேது

எனக்குத் தெலுங்கு தெரியும்னு நான் சொன்னேன் பாரு, அது முழுப் பொய்யும் இல்ல. எங்கப்பன நைனான்னு கூப்ட்டு வளந்தவ நானு. கல்யாணத்துக்கு முன்னாடி அம்பத்தூர் எஸ்டேட்ல துணி தைக்கிற கம்பெனில வேலை செஞ்சப்ப, பக்கத்து மிசின்ல ஒரு நெல்லூர்க்காரி இருந்தா. அவகூட சோத்து டப்பாவ மாத்திகினு துன்னுகினே நாலு வார்த்த கத்துக்கினேன். தெலுங்குல பாதி நம்ம வார்த்ததானே, கடைசில ஒரு இழுப்பு இழுத்தா போதும்னு நெனச்சிகினு இருந்தேன். அந்த இழுப்புதான் என் புள்ள வாழ்க்கையவே இழுத்துகினு போவப் பாத்துச்சி.

என் பேரு ராஜகுமாரி. பேர்லதான் ராஜகுமாரி, உக்கார்றது கள்ளிக்குப்பத்துல ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில்லு போடற எடத்துல. ஊட்டுக்காரர் தங்கராஜ், ஷேர் ஆட்டோ ஓட்றாரு. எது நடந்தாலும் சிரிச்சிகினே கீற மனுசன், அதுக்கும் சேத்து நான் கோவப்படறேன். ஒரே புள்ள ஜீவா. அண்ணனூர் ஷெட்ல மின்சார ரயில் பாக்கற மெக்கானிக்கு. அவனுக்கு அந்த வேலை கெடச்ச அன்னிக்கி தெரு பூரா கேசரி குடுத்தேன், மூணாவது ஊட்டு ராதிகாவுக்கும் குடுத்தேன், அவகிட்ட எனக்குப் பேச்சே கெடையாது.

அந்தப் புள்ள ஒரு நாளு துன்னுகினே, "ம்மா, ஒரு பொண்ணு கீது"ன்னான்.

"எங்க கீது?"

"அம்பத்தூர்லதான். கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிகினு கீது. பேரு ஸ்ரவந்தி. தெலுங்குப் பொண்ணு, ஊரு காவலி."

கத்தலாம்னுதான் வாயத் தொறந்தேன். ஆனா அவன் மூஞ்சப் பாத்தா கத்த மனசு வரல. "கூட்டிகினு வா, பாப்போம்"னேன். வந்தா. சுத்தமா தமிழ் பேசனா. கொழம்ப ஊத்திகினு ஒரு வாய் துன்னுட்டு, "வெந்தயம் கொஞ்சம் தூக்கலா இருக்கு ஆண்ட்டி"ன்னா. ஜீவாவுக்குப் பொறை ஏறிச்சி. இத்தினி வருசத்துல அப்பனும் புள்ளையும் என் கொழம்பப் பத்தி ஒரு வார்த்த சொன்னது கெடையாது, பயம். இவ மொத நாளே உண்மைய சொல்றா. எனக்கு அப்பவே புடிச்சிப் போச்சி. என் ஊட்டுக்கு வந்தா இவதான் வரணும்னு மனசுக்குள்ள முடிச்சிப் போட்டுட்டேன்.

அப்புறம் முறைப்படி அவங்க அப்பா அம்மா எங்க ஊடு பாக்க வந்தாங்க. மாப்ள ஊடு பாக்க வர்றப்ப பொண்ணு கூட வரக்கூடாது இல்லியா, அதனால ஸ்ரவந்தி ஹாஸ்டல்லயே இருந்துட்டா. ஜீவா இருந்தான். ஆனா அவங்க உள்ள வந்து உக்கார்றதுக்கும் ஷெட்லருந்து போன் வர்றதுக்கும் சரியா இருந்துச்சி. ஏதோ வண்டி நின்னுப் போச்சாம், உடனே வரணுமாம். "நைனா, நா டூட்டிக்குப் போய்ட்டு வந்துடறேன், பாத்துக்கோ"ன்னு அப்பன்கிட்ட சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டான்.

அந்த 'நைனா'வக் கேட்டதும் பொண்ணோட அப்பா மூஞ்சி பூத்துச்சி. கோட்டேஸ்வர ராவ்னு பேரு. பஸ் டிப்போல வேலை செஞ்சி ரிட்டயர் ஆனவரு, இஸ்திரி போட்ட வெள்ளச் சட்ட, பேச்செல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வெக்கிற மாதிரி. "மீரு தெலுகுவாள்ளா? தெலுகு தெலுசா?"ன்னு ஆசையாக் கேட்டாரு.

தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். நான் எங்க சொன்னேன்? "தெலுசு, தெலுசு"ன்னேன்.

என் புருஷன் என் காதுல, "அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சிக்கலாமே"ன்னாரு. "கல்யாணப் பேச்சுல பொண்ணயே கூப்ட்டு உங்கப்பா இன்னா சொல்றாருன்னு கேப்பியா? நம்பள இன்னா நெனப்பாங்க? கம்முனு கெட"ன்னு அடக்கிட்டேன்.

காபி குடுத்தேன். அந்தாளு குடிச்சி முடிச்சிட்டு, கைய நெஞ்சிக்கு நேரா வெச்சிகினு, "இக்கட தக்கர்ல குடி உந்தா?"ன்னு கேட்டாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. காலைல பத்து மணி. பொண்ணக் குடுக்க வந்த எடம். குடி எங்க கீதுன்னு கேக்கறாரு! ஆனா என் புருஷனப் பாக்கணுமே. ஒடம்பு பூரா சிரிப்பு. "குடியா? கீது சார், கீது! கொரட்டூர் ரோட்ல ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணு. ஆனா பன்னெண்டு மணிக்குத்தான் தொறப்பான்"ன்னாரு.

"உதயம் தெரவரா?" அவரு ஆச்சரியமாக் கேட்டாரு.

"காலைல தொறக்க மாட்டாங்களான்னு கேக்கறாரு"ன்னு நான் பல்லக் கடிச்சிகினு சொன்னேன்.

என் புருஷன் கண்ணடிச்சாரு. "சாருக்கு ரொம்ப வேணும்னா பின்னாடி சந்துல கெடைக்கும். நம்ப பசங்கதான்."

அவரு ஒண்ணும் புரியாம பொண்டாட்டியப் பாத்தாரு. அந்தம்மாவும் முழிச்சாங்க. நான் என் மனசுல குறிச்சிகினேன். சரி, அப்பன்காரன் குடிகாரன். பரவால்ல, அவரா வந்து என் ஊட்ல வாழப் போறாரு? பொண்ணு தங்கம், அது போதும்.

அப்புறம்தான் விசயம் வந்துச்சி. அவரு தொண்டையச் செருமிகினு, ஒவ்வொரு வார்த்தையா எங்களுக்குப் புரியணுமேன்னு நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. "சூடண்டி, பெள்ளிக்கி தொந்தர லேது. கானி, மீ குடும்பம் லாண்டி குடும்பம் மாக்கு அவசரம்."

பெள்ளின்னா கல்யாணம், அது தெரியும். கல்யாணத்துல தொந்தரவு ஒண்ணும் இல்லியாம். ஆனா குடும்பத்துல ஏதோ அவசரமாம். எனக்குச் சுருக்குன்னுச்சி. இன்னாத்துக்கு அவசரம்? பாத்து ஒரு மணி நேரம் ஆவல, இன்னா அவசரம்? இருந்தாலும் ஸ்ரவந்திய நெனச்சிகினு, முகத்துல ஒண்ணும் காட்டிக்காம, அவங்க பாஷைலயே மரியாதையா பதில் சொல்லணும்னு சிரிச்சிகினே சொன்னேன், "மாக்கு அவசரம் லேதண்டி."

அவரு கையில இருந்த டம்ளர மெதுவாக் கீழ வெச்சாரு. "லேதா?"

"லேது, லேது!"

"மா அம்மாயி... அவசரம் லேதா?"

எங்க பொண்ணுக்கு அவசரம் இல்லியான்னு கேக்கறாருன்னு நெனச்சேன். அவ எங்க போவப் போறா, எங்க புள்ளதானே? "அஸ்ஸலு லேது!"ன்னு நல்லா இழுத்துச் சொன்னேன். 'கொஞ்சங்கூட இல்ல'ங்கறதுக்கு நெல்லூர்க்காரி அப்டித்தான் சொல்வா. எனக்கே என் தெலுங்கு மேல ஒரு பெருமை. என் புருஷனும் சேந்துகினு, "அவசரம் லேது சார், அவசரம் லேது"ன்னு தலைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சாரு.

அந்தம்மா கண்ணுல தண்ணி வந்த மாதிரி இருந்துச்சி. ரெண்டு பேரும் எழுந்தாங்க. கைய எடுத்துக் கும்பிட்டாங்க. நான் தாம்பூலத் தட்ட எடுத்துகினு வர்றதுக்குள்ள வாசல்ல செருப்பு மாட்டிகினு இருந்தாங்க. வெத்தல பாக்க வாங்காமயே போய்ட்டாங்க.

எனக்கு வந்துச்சி பாரு ஆத்திரம். "பாத்தியா? அவசரம்னு சொன்னான், நாம அவசரம் இல்லன்னதும் மூஞ்சி சுருங்கிப் போச்சி. ஏதோ டபாய்க்கிறாங்க. பொண்ண சீக்கிரம் தள்ளி உடணும்னு பாக்கறாங்க, இன்னாவோ கீது இதுல"ன்னு புருஷன்கிட்ட கத்தனேன்.

"குடிக்கக் கெடைக்கலன்னு கோவமா இருக்கும்"ன்னாரு அவரு.

சாயங்காலம் ஜீவா வந்தான். வந்தவன் வண்டியக்கூட ஸ்டாண்டு போடாம சொவுத்துல சாச்சிட்டு உள்ள வந்தான். "ம்மா, ஸ்ரவந்தி வேணாம்னு சொன்னியா?"

"இன்னாடா ஒளர்றே?"

"அவங்கப்பா போன்ல அழுதுகினே சொன்னாராம். உங்க பொண்ணு எங்களுக்கு வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சிரிச்சிகினே சொன்னியாம் நீ."

"நானா? நான் வேணாம்னு சொன்னேனா? எந்த வாயால சொன்னேன்? ஏம்பா, நீ கூடத்தானே இருந்தே, சொல்லேன்!"

"சத்தியமா சொல்லலடா"ன்னாரு அவங்கப்பன். அவரு சிரிக்கல.

நான் கத்தனேன். அந்தாளு பீலா உட்றான், காலைலயே குடி கேட்ட ஆளு அவன், அவங்களுக்குத்தான் என்னாவோ அவசரம், எங்க மேல பழியப் போட்டுட்டு நழுவப் பாக்கறாங்கன்னு எல்லாத்தையும் கொட்டனேன். ஜீவா கேட்டுகினே நின்னான். அப்புறம் மொட்ட மாடிக்குப் போயி ரொம்ப நேரம் போன்ல பேசனான். கீழ வந்தப்ப கண்ணு செவந்து கெடந்துச்சி.

"எங்கப்பா வாழ்க்கைல பொய் சொன்னதில்லன்னு அவ சொல்றா. எங்கம்மா பொய் சொல்லாதுன்னு நான் சொன்னேன். அப்போ எங்கப்பா பொய்யனான்னு கேட்டா. முடிஞ்சிச்சிம்மா."

அவ்ளோதான். அன்னியிலருந்து ஊடு ஊடா இல்ல. என் புள்ள ஒரு வார்த்த என்ன ஏசியிருந்தாக்கூட நான் திருப்பி ஏசிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அவன் ஏசல. காலைல எழுந்து போவான், வருவான், வெச்சதத் துன்னுவான். கொழம்புல ஒரு நாளு உப்பே போடாம எறக்கிட்டேன், அதையும் துன்னுட்டு எழுந்துட்டான். என்ன நம்பித்தான் அவள உட்டுட்டான். அந்த நம்பிக்கை என் நெஞ்சுல கல்லாட்டம் உக்காந்துச்சி.

ராத்திரி பூரா அந்தக் காலைய ஓட்டி ஓட்டிப் பாப்பேன். நான் எங்க வேணாம்னு சொன்னேன்? 'வேணாம்'ங்கற வார்த்தைக்குத் தெலுங்குல 'வத்து'. அத நான் வாயில எடுக்கவேயில்ல. அந்த மனுசன் பாக்க அப்படிப் பொய் சொல்ற ஆளாவும் தெரியல. அப்போ யாரு பொய்யி?

போன வெள்ளிக்கெழம காலைல செருப்ப மாட்டிகினே ஜீவா சொன்னான். "அவ வேலைய உட்டுட்டா. அவங்கப்பா அம்மா வந்துகீறாங்க கூட்டிகினு போவ. சாயங்காலம் ரயிலு. ஊர்ல வேற எடம் பாத்துட்டாங்களாம்." ஏதோ அடுத்த தெரு சேதி மாதிரி சொல்லிட்டுப் போனான். நான் அடுப்பாண்ட அப்படியே நின்னேன்.

கடைக்குப் போயி உக்காந்தேன். கை பாட்டுக்கு பில்லு போடுது, மனசு எங்கயோ கெடக்கு. மத்தியானம் ஒரு பொம்பள வந்தா. புது பிளாட்டு கட்டற எடத்துல கொத்தனாரு வேலை செய்யறவரு பொண்டாட்டி, அடிக்கடி வருவா, ஆந்திராக்காரி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவா. அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் பில்லு போட்டுட்டு நான் கவர எடுத்து விரிச்சேன். அவ கக்கத்துல இருந்த துணிப்பைய எடுத்துக் காட்டி, கைய ஆட்டிகினே சொன்னா, "கவர் அவசரம் லேதக்கா."

என் கை நின்னுச்சி.

"இன்னா சொன்னே?"

"கவர் அவசரம் லேது. வேணா, வேணா. பை இருக்கு."

"அவசரம் லேதுன்னா வேணாம்னா அர்த்தம்?"

அவ என்ன ஒரு மாதிரி பாத்தா. "ஆமாக்கா. அவசரம்னா தேவ. வேணும்."

"சீக்கிரம் இல்லியா? அவசரம்னா... பறக்கறது, ஓடறது?"

"அது தொந்தர. தொந்தரகா ரான்னா சீக்கிரம் வான்னு அர்த்தம்."

"தொந்தரவு இல்லியா? கஷ்டம்?"

"கஷ்டம்னா கஷ்டம்க்கா"ன்னு சிரிச்சா.

பின்னாடி வரிசைல நின்ன ஆளு, "யம்மா, பில்லு போடும்மா"ன்னான். எனக்கு எதுவும் காதுல ஏறல. அந்த மனுசன் நிறுத்தி நிறுத்திச் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாத் திரும்பி வருது. பெள்ளிக்கி தொந்தர லேது. கல்யாணத்துக்கு ஒண்ணும் பறக்க வேணாம். மீ குடும்பம் லாண்டி குடும்பம் மாக்கு அவசரம். உங்க குடும்பம் மாதிரி ஒரு குடும்பம் எங்களுக்கு வேணும்.

கூலிக்காரங்க வம்சத்துல வந்த எங்கள, சிமெண்ட்டு பேந்த எங்க ஊட்டுக்குள்ள உக்காந்துகினு, உங்கள மாதிரி குடும்பம் வேணும்னு சொல்லியிருக்காரு. என் ஆயுசுல யாரும் என்னப் பாத்து அப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல. அதுக்கு நான் பல்லக் காட்டிகினு சொன்னேன், எங்களுக்குத் தேவையில்ல. எங்க பொண்ணு தேவையில்லியான்னு உயிரப் புடிச்சிகினு கேட்டிருக்காரு. அஸ்ஸலு லேது! கொஞ்சங்கூடத் தேவையில்ல!

ஐயோ, நாசமாப் போற வாயே! அங்கியே தலைல அடிச்சிகினு அழுதேன். அந்தப் பொம்பள பயந்துட்டா, "கவர் குடுங்கக்கா, வாங்கிக்கறேன்"ன்னா பாவம். பக்கத்து கவுண்ட்டர் சிம்ரன் ஓடி வந்தா. "சிம்ரன், என் சீட்டப் பாத்துக்கோ. மேனேஜர் கேட்டா செத்துட்டேன்னு சொல்லு"ன்னுட்டு கடைப் பச்சக் கோட்டோடயே வெளிய ஓடனேன்.

என் புருஷனுக்குப் போன் போட்டேன். "எங்க கீறே?"

"ஆவடி ரோட்ல, ஃபுல்லா ஆளு கீதுமே."

"எறக்கி உட்டுட்டு வா."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்!"

ஜீவாவுக்கும் போட்டேன். "ஓ.டி. ஹாஸ்டலுக்கு வா. ஒண்ணும் கேக்காத. நானும் பொய் சொல்லல, அவங்கப்பாவும் பொய் சொல்லல. வா!"

நாங்க போயி எறங்கறப்ப ஹாஸ்டல் கேட்டாண்ட பெட்டி ரெண்டும் ஒரு மூட்டையும் வெச்சிகினு மூணு பேரும் டாக்சிக்கு நின்னுகினு இருந்தாங்க. கேட்டுக்குள்ள நாற்காலி போட்டு வார்டனம்மா உக்காந்திருந்தாங்க, கேரளாக்காரம்மா. என்னப் பாத்ததும் ராவ் சாரு மூஞ்சத் திருப்பிகினாரு. ஸ்ரவந்தி இளச்சிப் போயிருந்தா. "எதுக்கு வந்தீங்க ஆண்ட்டி?"ன்னா. அந்தக் குரல்ல கோவம்கூட இல்ல, அதான் எனக்கு வலிச்சிச்சி.

"உங்கப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளும்மா. அன்னிக்கி நான் சொன்னத அப்படியே, நான் சொன்ன வார்த்தையிலயே சொல்லச் சொல்லு. அர்த்தம் சொல்ல வேணாம். வார்த்தைய சொல்லச் சொல்லு."

அவ தெலுங்குல கேட்டா. அவரு ரோட்டப் பாத்துகினே, அடக்கி வெச்ச கோவமெல்லாம் சேத்து சொன்னாரு. "மாக்கு அவசரம் லேதன்னாரு. நவ்வுத்தூ அன்னாரு."

சிரிச்சிகினே சொன்னாங்களாம். ஆமா, சிரிச்சேன்.

"கேட்டியா?"ன்னேன். "இப்ப நீ சொல்லு. தமிழ்ல, எங்களுக்கு அவசரம் இல்லன்னா இன்னா அர்த்தம்?"

"அவசரம் இல்லன்னா... மெதுவா..." அவ்ளோதான் சொன்னா. கையில இருந்த பை கீழ வுழுந்துச்சி. அவங்கப்பாவப் பாத்தா, என்னப் பாத்தா, மறுபடி அவங்கப்பாவப் பாத்தா. "அய்யோ நான்னா"ன்னு அப்பனக் கூப்ட்டுக் கத்திட்டு மடமடன்னு தெலுங்குல சொல்ல ஆரம்பிச்சா.

பாவம், அவ இன்னா பண்ணுவா? ரெண்டு பாஷையும் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். ஆனா அந்த வார்த்த அவகிட்ட வந்து சேரவேயில்ல. அவங்கப்பா அத 'வேணாம்'னு மாத்தி அவகிட்ட சொன்னாரு, அவ அதையே ஜீவாகிட்ட சொன்னா, ஜீவா என்கிட்ட கேட்டான். 'அவசரம் இல்லன்னு சொன்னியா'ன்னு யாராச்சும் ஒருத்தர் கேட்டிருந்தா, ஆமான்னு சொல்லியிருப்பேனே!

அந்தம்மா கேட்டுட்டு முந்தானைய வாயில வெச்சிகினாங்க. ஆனா ராவ் சாரு நம்பல. இல்ல, நம்பனாரு, ஆனா எறங்கி வர முடியல. வேற எடத்துல வாக்கு குடுத்த மாதிரி ஆயிடுச்சி போல. சட்டக் கைய இழுத்து இழுத்து உட்டுகினு நிக்கறாரு. அந்த நேரம் ஜீவா வண்டில வந்து எறங்கனான். கை பூரா கிரீசு. ஸ்ரவந்தியப் பாத்தான், என்னப் பாத்தான், கொஞ்சம் தள்ளியே நின்னுட்டான்.

எல்லாத்தையும் பாத்துகினு இருந்த வார்டனம்மா எழுந்து வந்து, ராவ் சாருகிட்ட, "ஒரு அவசரம் கொடுக்கு சாரே"ன்னாங்க.

என் புருஷன் பதறிட்டாரு. "இந்தம்மாவுக்கு இன்னாமே அவசரம்?"

ஸ்ரவந்தி அழுதுகினே சிரிச்சிட்டா. "மலையாளத்துல அது வாய்ப்பு அங்கிள். ஒரு வாய்ப்பு குடுங்கன்னு சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வரல. மனுசன் இன்னும் ரோட்டத்தான் பாத்துகினு கீறாரு. தூரத்துல ஒரு டாக்சி திரும்புது. ரெண்டு எட்டு வெச்சி அவரு முன்னாடி போயி நின்னேன். பெருமையில்ல, உதாரில்ல, அந்தக் கொத்தனாரு பொண்டாட்டி குடுத்துட்டுப் போன வார்த்தைய கையில ஏந்திகினு போற மாதிரி மெதுவாச் சொன்னேன்.

"மாக்கு மீ அம்மாயி அவசரம்."

தப்பா சொன்னேனோ இன்னாவோ, தெரியாது. அவங்க பாஷைல எடுத்துகினா உங்க பொண்ணு எங்களுக்கு வேணும். எங்க பாஷைல எடுத்துகினா, அந்த டாக்சி வர்றதுக்குள்ள வேணும். ரெண்டும் உண்மைதான். ஊரே பாக்குதுன்னுகூட நெனைக்காம அழுதுட்டேன்.

அவரு என்ன நிமிந்து பாத்தாரு. பச்சக் கோட்டப் பாத்தாரு. அப்புறம் ஜீவாவப் பாத்தாரு, அவன் கிரீசுக் கையப் பாத்தாரு. ஸ்ரவந்திகிட்ட குனிஞ்சி ஏதோ கேட்டாரு, அவ காதுல சொன்னா. உதட்டுக்குள்ள ஒரு வாட்டி சொல்லிப் பாத்துகினாரு. பஸ் டிப்போ மனுசன் இல்லியா, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சாரு.

"எங்களுக்கு... அவசரம்... இல்ல."

ஜீவா மூஞ்சி செத்துப் போச்சி. ஒரு அடி பின்னாடி போனான். என் புருஷன்கூட என் தோளப் புடிச்சிகினாரு.

"ஜீவா! லூசு!" ஸ்ரவந்தி அழுதுகினே கத்தனா. "எங்கப்பா தமிழ்ல சொல்றாருடா!"

கல்யாணத்துக்கு அவசரம் இல்ல. தையில வெச்சிக்கலாமாம். டாக்சிக்காரன் வந்து ஹாரன் அடிச்சிட்டுத் திட்டிட்டுப் போனான்.

எல்லாரையும் எங்க ஆட்டோலயே ஏத்திகினு ஊட்டுக்குக் கெளம்பனோம், ஜீவா வண்டில பின்னாடியே வந்தான். போற வழியில ராவ் சாரு முன்னாடி குனிஞ்சி, கைய நெஞ்சிக்கு நேரா வெச்சிகினு, "குடி... உந்தா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டாரு.

எனக்கு மறுபடி சுருக்குன்னுச்சி. சரி, இந்தக் குடி ஒண்ணுதான் கொறைன்னா இருந்துட்டுப் போவட்டும்னு ஸ்ரவந்தி பக்கம் திரும்பி, "உங்கப்பா தெனமும் குடிப்பாரா கண்ணு?"ன்னு கேட்டேன்.

"அத்தம்மா!"ன்னா அவ. ஆண்ட்டி போயி அத்தம்மா வந்துடுச்சி. "குடின்னா கோயிலு. அப்பா நல்ல காரியம் பேசனா மொதல்ல கோயிலுக்குப் போவாரு. அன்னிக்கிகூட கேட்டாராம், உங்க ஊர்ல கோயில மத்தியானம்தான் தொறப்பாங்களாமே?"

என் புருஷன் கண்ணாடி வழியா என்னப் பாத்தாரு. சிரிக்கல. கள்ளிக்குப்பம் அம்மன் கோயில் வாசல்ல கொண்டு போயி ஆட்டோவ நிறுத்தி, எறங்கி, செருப்பக் கழட்டிட்டு, சம்பந்திக்குக் கை குடுத்து எறக்கி உட்டாரு.